கல்லாற்று மருந்தும் பொதுக்களம் என்ற சொல்லும்

2018 ஜனவரியில் பத்ம விருதுப் பட்டியல் வெளியானபோது, திருவனந்தபுரம் மாவட்டத்துக் கல்லாற்றின் பெயர் இந்தியா முழுவதும் ஒரு வாரம் ஒலித்தது. பொன்முடி மலையடிவாரக் காட்டில் ஓலை வேய்ந்த குடிலில் வாழும் காணிக்காரப் பெண் வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மா பத்மஸ்ரீ பெற்றார். பாம்புக்கடிக்கும் பிற விஷக்கடிகளுக்கும் மருந்து கொடுப்பவர் அவர். அந்த மாத வானொலி உரையில் பிரதமரும் அவரைக் குறிப்பிட்டார். ஏறத்தாழ ஐந்நூறு மருந்துகளை நினைவிலிருந்தே செய்யக்கூடியவர் என்ற செய்தி எல்லா நாளேடுகளிலும் வந்தது. அதையொட்டி வந்த இன்னொரு செய்தியைப் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு கடந்து சென்றனர்: இதுவரை யாரும் எழுதிவைக்காத இந்த அறிவைக் கேரள வனத்துறை நூலாகத் தொகுக்க இருக்கிறது என்பதே அது.

நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த நூல் அச்சாகும் நாளில் சட்டப்படி என்ன நிகழும் என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கருத்தைக் காப்பதில்லை. கருத்து வெளிப்படும் வடிவத்தையே காக்கிறது. எந்த வேரை, எந்தப் பதத்தில், எதனோடு சேர்த்து அரைப்பது என்ற அறிவு சட்டத்தின் பார்வையில் கருத்து. அதை விவரிக்கும் வாக்கியங்கள்தாம் படைப்பு. அரசுத் துறை தன் பொறுப்பில் ஆக்கி வெளியிடும் நூலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், அரசே முதல் உரிமையாளர். வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அவ்வுரிமை நீடிக்கும். ஆக, லட்சுமிக்குட்டி அம்மாவின் மருந்து நூலாகும்போது இரண்டு காரியங்கள் ஒருங்கே நடக்கும். வாக்கியங்கள் அரசின் உடைமையாகும். மருந்தறிவு எவரும் எடுத்தாளக்கூடிய பொதுப்பொருளாகும். அவருடைய பேரப்பிள்ளைகள் அந்நூலின் பக்கங்களை நகலெடுத்து விற்க முடியாது. ஆனால் உலகின் எந்த மருந்து நிறுவனமும் அப்பக்கங்களைப் படித்து ஆய்வுக்கூடத்தில் வேலையைத் தொடங்கலாம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. லட்சுமிக்குட்டி அம்மா கவிதையும் எழுதுபவர். பழங்குடிப் பெண்கள் பள்ளிக்குச் செல்வது அரிதாயிருந்த 1950களில் படித்தவர். அவர் எழுதும் ஒரு நான்கடிக் கவிதைக்கு அவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் முழுப் பாதுகாப்பு உண்டு. ஒருவரின் உயிரைக் காக்கும் மருந்துக்கோ ஒருநாள் பாதுகாப்பும் இல்லை. சட்டத்துக்கு 'ஆசிரியர்' வேண்டும், 'புதுமை' வேண்டும், 'நிலைத்த வடிவம்' வேண்டும். தாயிடமிருந்து மகள் கேட்டு, கேட்டதை வழங்கி, வழங்குகையில் சற்றே மாற்றி, மீண்டும் வாய்மொழியாகவே கையளிக்கும் அறிவில் இம்மூன்றில் ஒன்றும் இல்லை.

காணொளிகளின் நிலை இன்னும் சிக்கலானது. கல்லாற்றுக்குச் செல்லும் பயணிகளும் செய்தியாளர்களும் செல்பேசியில் எடுத்த பதிவுகள் யூடியூபில் உலவுகின்றன. சட்டப்படி ஒளிப்பதிவின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளரே. பதிவில் பேசுபவருக்கு 'நிகழ்த்துநர் உரிமை' ஓரளவு கிடைக்கக்கூடும். அச்சட்டம் நிகழ்த்துநர் யார் என்பதை வரையறுக்கும்போது நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, விரிவுரை ஆற்றுபவர் ஆகியோருடன் பாம்பாட்டியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பாம்பை ஆட்டுபவருக்குப் பட்டியலில் இடம் உண்டு. பாம்பின் விஷத்தை இறக்குபவர் தம் பேச்சை விரிவுரை என்று வாதிட்டுத்தான் அதில் நுழைய வேண்டும். நுழைந்தாலும் அவருக்குக் கிடைப்பது தம் குரலின் மீதும் உருவத்தின் மீதுமான உரிமையே. சொன்ன மருந்தின் மீது ஒன்றும் இல்லை.

தமிழ் வாசகர்க்குப் 'பொதுக்களம்' என்றவுடன் நினைவுக்கு வருவது நாட்டுடைமை. பாரதியின் ஆக்கங்களின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றது. அதன்பின் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாயின. மரபுரிமையர்க்குப் பரிவுத்தொகை வழங்கப்பட்டது. உ.வே. சாமிநாதையர் 1942இல் மறைந்ததால் அவர் எழுத்துகளின் பதிப்புரிமை 2002 இறுதியோடு முடிந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாக்கியிராவிட்டால், நூலக வசதியற்ற ஊர்களிலிருந்து வந்த ஒரு தலைமுறை மாணவர்க்குச் சங்க நூல்கள் கைக்கெட்டியிரா. பொதுக்களம் என்ற கருத்தின் மீது தமிழ்க் கல்வியுலகம் வைத்திருக்கும் பற்று நியாயமானது, கைவிடத்தக்கதும் அன்று.

ஆனால் இந்த எடுத்துக்காட்டுகள் அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இங்கே முதலில் ஓர் உரிமை இருந்தது. அது காலாவதியானது, அல்லது விலை கொடுத்து வாங்கப்பட்டது, அல்லது உரியவரால் விட்டுக்கொடுக்கப்பட்டது. காணிக்காரரின் அறிவு இந்த மூன்று வழிகளில் எதன் மூலமாகவும் பொதுக்களத்துக்கு வரவில்லை. அதற்கு ஒருபோதும் உரிமை வழங்கப்படாததால் அது தொடக்கத்திலிருந்தே பொதுக்களத்தில் இருப்பதாகச் சட்டம் கருதிக்கொள்கிறது. அனுபம் சந்தரும் மாதவி சுந்தரும் 2004இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த இடத்தைத்தான் தொட்டது. எல்லார்க்கும் திறந்திருக்கும் வளத்தை எல்லாராலும் சமமாகப் பயன்படுத்த இயலாது. மூலதனமும் ஆய்வுக்கூடமும் உள்ளவர்க்கே அது பெரிதும் பயன்படும் என்பது அவர்கள் வாதம். பொன்முடிச் சரிவில் நின்று பார்க்கும்போது அந்த வாதத்துக்கு விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

ஏனெனில் இந்த மலைத்தொடரில் இது ஒருமுறை நடந்தேறிய கதை. 1987இல், இனவுயிரியல் குறித்த அனைத்திந்திய ஆய்வுத் திட்டத்தின் கீழ் பி. புஷ்பாங்கதன் தலைமையிலான அறிவியலர் குழு அகத்தியமலைக் காட்டில் நடந்தது. வழிகாட்டிகளாக வந்த காணிக்கார இளைஞர்கள் ஏதோ ஒரு கனியைத் தின்றுகொண்டு களைப்பின்றி நடப்பதை அக்குழு கவனித்தது. அது என்னவென்று கேட்டபோது அவர்கள் முதலில் சொல்ல மறுத்தனர். வெளியாருக்குச் சொல்லக்கூடாத குலவறிவு அது என்றனர். பின்னர் வற்புறுத்தலுக்கு இணங்கிக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆய்வு நிறுவனம் அச்செடியின் இலையோடு வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டுகளுக்கு உற்பத்தி உரிமம் வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு ராயல்டி. இரண்டிலும் பாதி காணிக்காரர்க்கு என்று நிறுவனம் தீர்மானித்தது. பணத்தைப் பெறுவதற்கு 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. 1999இல் 5 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகை அதன் கணக்குக்குச் சென்றது.

பயன் பகிர்வின் உலக முன்மாதிரி என்று இது பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது. சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாத காலத்தில் ஓர் அரசு ஆய்வு நிறுவனம் தானாகவே பாதியைப் பகிர்ந்தது என்பது சிறிய செயலன்று. அதைக் குறைத்துப் பேசுவது அநீதி. ஆனால் பாடநூல்களில் பெரும்பாலும் ஓரமாகத் தள்ளப்படும் ஒரு செய்தி உண்டு. 1995 செப்டம்பரிலேயே காணிக்கார வைத்தியர் குழு ஒன்று கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதித் தம் அறிவு தனியார் நிறுவனங்களுக்கு விற்கப்படுவதை எதிர்த்தது. பிளாத்தி எனப்படும் அவர்கள்தாம் குலத்தின் மருத்துவ அறிவைக் காத்துக் கையளிக்கும் பொறுப்புடையோர். குட்டிச்சல் பகுதிக் காணிக்காரர்கள் திட்டத்தோடு ஒத்துழைத்தபோது, விதுரா, பெரிங்கமலை பகுதிகளிலிருந்தவர்களிடம் அந்த உடன்பாடு இல்லை. கல்லாறு அந்த விதுராப் பகுதியைச் சேர்ந்தது.

அக்கடிதத்தின் பொருளைப் பணத்தின் அளவு பற்றிய தகராறாகச் சுருக்கிவிடுவது எளிது. பலரும் அப்படியே சுருக்கினர். 2 விழுக்காடு போதுமா, பாதி நியாயமா, அறக்கட்டளையில் எல்லாக் குடிகளுக்கும் இடம் உண்டா என்று விவாதம் சென்றது. பிளாத்திகள் எழுப்பியதோ பங்கீட்டுக்கு முந்திய கேள்வி: சொல்லலாம் என்று யார் முடிவு செய்தது? காட்டு வழியில் களைத்த அறிவியலருக்குச் சில இளைஞர்கள் இரங்கிக் காட்டியதைக் குலம் முழுவதன் இசைவாகக் கொள்ள முடியுமா? காணிக்காரர் கேரளத்தில் மட்டும் வாழ்பவரும் அல்லர்; மலையின் இப்பக்கம் குமரி, நெல்லை மாவட்டங்களிலும் அவர்தம் குடியிருப்புகள் உள்ளன. பழைய திருவிதாங்கூர் பிரிந்து இரு மாநிலங்களுக்குப் போனபோது செடியும் பிரியவில்லை, மருந்தும் பிரியவில்லை. ஒரு குடியிருப்பின் கையொப்பம் மலை முழுவதற்கும் பொருந்துமா என்பதற்கு இன்றுவரை தெளிந்த விடை இல்லை.

ஜீவனியின் பிற்காலம் சோகமானது. ஆரோக்கியப்பச்சை இலை காட்டிலிருந்து பறிக்கப்படுவதற்கு வனத்துறை தடை எழுப்பியது, மூலப்பொருள் தட்டுப்பட்டது. செய்முறைக் காப்புரிமை இந்தியாவில்தான் கோரப்பட்டது. இதற்கிடையில் அமெரிக்க நிறுவனம் ஒன்று ஜீவனி என்ற பெயரையே தன் வணிகக் குறியாக அந்நாட்டில் பதிவு செய்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தது, ராயல்டியும் நின்றது. செடியின் பெயரும் பயனுமோ நூற்றுக்கணக்கான பக்கங்களில் அச்சாகிவிட்டன. அச்சாகிவிட்ட அறிவை மீண்டும் கமுக்கமாக்க வழியில்லை.

எழுதிவைப்பதுதான் பாதுகாப்பு என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. அது தவறான காரணமும் அன்று. காயத்துக்கு மஞ்சள் இடுவதன் மீது மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றபோது, பழைய நூல்களையும் கட்டுரைகளையும் காட்டித்தான் இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் 1997இல் அதை நீக்கச் செய்தது. அமெரிக்காவுக்கு வெளியே வாய்மொழியாக மட்டும் வழங்கும் அறிவை அன்றைய அமெரிக்கச் சட்டம் கணக்கில் எடுத்ததில்லை. அச்சில் இருந்தால்தான் சான்று. வேம்புப் பூசணக்கொல்லிக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் வழங்கிய உரிமை 2000இல் நீக்கப்பட்டு, மேல்முறையீட்டிலும் 2005இல் அத்தீர்ப்பே உறுதியானது. இந்தப் பட்டறிவிலிருந்து பிறந்ததே 2001இல் தொடங்கிய மரபறிவு எண்மிய நூலகம். ஆயுர்வேதம், சித்தம், யுனானி முதலிய மருத்துவ நூல்களிலுள்ள இலட்சக்கணக்கான மருந்து முறைகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் பெயர்த்துக் காப்புரிமை அலுவலகங்களுக்கு அது தருகிறது. பெறுவோர் அதை வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தமும் செய்கின்றனர்.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த ஒப்பந்தத்தைத்தான். ஏற்கெனவே அச்சில் வந்த நூல்களின் உள்ளடக்கத்தையே அரசு பூட்டிவைத்து, உரியவர்க்கு மட்டும் திறந்து காட்டுகிறது. திருடர் கையில் பட்டியலைக் கொடுத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அது. 2022இல் அந்த அணுகலை விரிவாக்க நடுவண் அமைச்சரவை முடிவெடுத்தபோதும் படிப்படியாகவே திறப்பது என்றுதான் சொல்லப்பட்டது. அச்சேறிய சரக சம்ஹிதைக்கு இவ்வளவு எச்சரிக்கை காட்டும் அதே நாட்டில், அச்சேறாத கல்லாற்று மருந்தை வழவழப்பான நூலாக வெளியிட்டுக் கண்காட்சியில் வைப்பது எவ்வகைத் தர்க்கம்?

சட்டத்தில் கருவிகளே இல்லை என்று சொல்லவும் முடியாது. மரபறிவாகவே உள்ள ஒன்று புத்தாக்கம் ஆகாது என்று காப்புரிமைச் சட்டத்தின் 3(பி) பிரிவு கூறுகிறது. வாய்மொழியாக ஒரு சமூகத்தில் வழங்கும் அறிவைக் காட்டியே காப்புரிமையை எதிர்க்கலாம் என்றும் இந்தியச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அச்சுச் சான்று இல்லாவிட்டால் எல்லாம் போயிற்று என்ற பழைய அச்சம் இங்கே பொருந்தாது. 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டமோ, பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது காடுவாழ் மக்களுக்குச் சமூக அறிவுசார் உரிமை உண்டென்று வெளிப்படையாகவே சொல்கிறது. அந்த வரியைக் கொண்டு எந்த நூலும் எந்தக் காணொளியும் கேள்விக்குள்ளாகவில்லை என்பதே துயரம். 2023இல் பல்லுயிர்ச் சட்டம் திருத்தப்பட்டபோது, நூல்வழி நிலைபெற்ற மரபறிவைப் பயன்படுத்துவோர்க்குப் பயன் பகிர்விலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. நூல்வழி அறிவு என்று சட்டம் குறிப்பது மருந்துகள் சட்டத்தின் முதல் அட்டவணையிலுள்ள மருத்துவ நூல்களை. வனத்துறை நூல் அந்த அட்டவணையில் இன்று இல்லை. ஆனால் காற்று எத்திசையில் வீசுகிறது என்பதற்கு இத்திருத்தம் போதிய குறிப்பு: எழுதப்பட்டுவிட்டால் பங்கு கேட்கும் தகுதி மெலிகிறது.

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. அதற்கு முகம் கொடுக்காமல் நகர்வது நேர்மையாகாது. ஒவ்வொரு சமூகமும் தன் மரபைத் தன் தனியுடைமை என்று வேலியிட்டால் நாட்டார் வழக்காற்றியல் என்ற துறையே நின்றுபோகும். கதைப்பாடல், தாலாட்டு, பழமொழி எதையும் தொகுக்க முடியாது. சமூகத்தின் பெயரால் பேசப் புதிய தரகர்கள் முளைப்பார்கள். அல்லது அரசே சமூகத்தின் காவலன் என்று சொல்லி உரிமையைத் தான் எடுத்துக்கொள்ளும். மேலும், சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் ஐந்நூறு மருந்துகளும் ஒரு மூதாட்டியோடு மறைந்துபோவதைவிட எழுத்தில் இருப்பது மேலன்றோ?

முதற்பகுதி பெரும்பாலும் சரி. மரபறிவுக்கு முடிவற்ற பதிப்புரிமை வழங்குவது நோயைவிடக் கொடிய மருந்தாகிவிடும். ஊரார் எல்லாரும் பாடும் தாலாட்டையும், உரியவர் மட்டும் அறிந்து கையளிக்கும் விஷமுறிவையும் ஒரே தட்டில் வைப்பதே குழப்பத்தின் மூலம். தாலாட்டு முன்பே திறந்த வெளியில் உள்ளது; விஷமுறிவுக்குக் காப்பாளர் உண்டு, கையளிக்கும் முறை உண்டு, சொல்லக்கூடாதவர் என்ற வரையறையும் உண்டு. இரண்டாம் பகுதிக்கு விடை, எழுதுவதும் வெளியிடுவதும் ஒன்றல்ல என்பது. எழுதலாம், எழுதியதைக் குடியிருப்பிலேயே வைக்கலாம், யார் பார்க்கலாம் என்பதைக் காப்பாளர்களே வகுக்கலாம். ஆஸ்திரேலியாவின் வரமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான முகுர்ட்டு என்ற எண்மிய ஆவணகம் இப்படித்தான் இயங்குகிறது: எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதை அம்மக்களின் வழக்கமே தீர்மானிக்கிறது, மென்பொருள் அதற்குப் பணிகிறது. தொழில்நுட்பம் அரிதானதன்று. கேரளத்துப் பல்கலைக்கழகம் எதுவும் ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய பணி.

அந்தப் பல்கலைக்கழகங்களின் பக்கம் பார்வையைத் திருப்பத்தான் வேண்டும். வனத்துறை நூலைப் பற்றிக் கவலைப்படும் கல்வியுலகம் தன் வீட்டில் நடப்பதைப் பார்ப்பதில்லை. காணிக்காரர் மருத்துவம் குறித்து இருபுற மாநிலங்களிலும் ஆய்வுக் கட்டுரைகள் பல வந்துள்ளன. பெரும்பாலானவற்றின் வடிவம் ஒன்றே: செடியின் பெயர், குடும்பம், பயன்படும் பகுதி, தீர்க்கும் நோய், செய்முறை என்று நிரல்கள் வகுத்த நீண்ட அட்டவணை. 2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளுக்குப் பின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் எண்மிய வடிவில் ஒப்படைக்கப்பட்டு ஷோத்கங்கா களஞ்சியத்தில் திறந்து வைக்கப்படுகின்றன. வரிப்பணத்தில் நடந்த ஆய்வு மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்ற கொள்கை போற்றத்தக்கது. ஆயினும் பின்னிணைப்பிலுள்ள அந்த அட்டவணை, நன்றியுரையில் இடம்பெறும் மூப்பனின் வீட்டுத் திண்ணையில் சொல்லப்பட்டபோது, அது ஒரே இரவில் எவரும் தரவிறக்கும் கோப்பாகும் என்று அவரிடம் யார் சொன்னார்கள்? இன்று அக்கோப்புகளை மனிதர் மட்டும் படிப்பதில்லை; பெருமொழி மாதிரிகளுக்குத் தீனியிடும் நிரல்கள் திறந்திருக்கும் எதையும் அள்ளிச் செல்கின்றன. அட்டவணையிலிருந்து மூப்பனின் பெயர் உதிர்ந்துவிடும், செய்முறை தங்கிவிடும்.

2024 மே மாதம் ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் கீழ் ஓர் உடன்படிக்கை நிறைவேறியது. மரபுவளத்தையும் அதனோடு இணைந்த மரபறிவையும் அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்போர், அவை எங்கிருந்து வந்தன என்று வெளிப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். கால்நூற்றாண்டுப் பேச்சுவார்த்தையின் விளைவு அது. நிறுவனங்களிடம் மூலத்தைச் சொல் என்று உலகம் இவ்வளவு தாமதமாகவேனும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. ஆய்வேட்டிடம் அதே கேள்வியைக் கேட்க எந்த உடன்படிக்கையும் தேவையில்லை; நெறியாளரின் ஒரு வரி போதும்.

2018ஆம் ஆண்டின் கல்வி நேர்மை விதிகளின்படி ஒவ்வோர் ஆய்வேடும் கருத்துத் திருட்டுச் சோதனைக்கு உட்படுகிறது. இன்னோர் ஆய்வாளரின் வாக்கியங்களோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை உண்டு. பின்னிணைப்பு முழுவதும் ஒரு பிளாத்தியின் நினைவிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் மென்பொருள் காட்டும் எண் சுழியம். அந்தச் சான்றிதழோடு இன்னொரு தாளையும் இணைக்கக் கேட்கும் துறைகள் எத்தனை? வெளியிடப்படுவது எது, எங்கே, எவ்வளவு காலம் என்பதை மலையாளத்திலோ தமிழிலோ படித்துக்காட்டி, 'இந்தப் பகுதியை வெளியிட வேண்டாம்' என்று சொல்லவும் இடம் விட்டு, குடியிருப்பின் மூத்தோர் ஒப்பமிட்ட ஒரு தாள். ஆய்வேட்டின் ஒரு பகுதியைக் குறித்த காலம்வரை வெளியிடாமல் நிறுத்திவைக்கும் ஏற்பாடு காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் பொறியியல் மாணவர்க்கு ஏற்கெனவே பழக்கமானது. கல்லாற்று அட்டவணைக்கும் அதே ஏற்பாட்டைக் கோருவதற்கு விதி எதையும் மாற்ற வேண்டியதில்லை. படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பினால் போதும்.